பழைய கனரக லேத்தின் ஹெட்ஸ்டாக் கியர்கள்: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

கேள்வி: மோல்மேன் கடைசல் பட்டறை

பெரியோர்களுக்கும் தொழில் நண்பர்களுக்கும் வணக்கம். பர்மாவில் உள்ள மோல்மேனில் என் தந்தையார் தொடங்கிய கடைசல் பட்டறையை இப்போது நான் நடத்தி வருகிறேன். ரப்பர் ஷீட் இழுக்கும் ரோலர்கள், மீன்பிடிப் படகுகளின் புரொப்பெல்லர் சாஃப்டுகள், அரிசி ஆலைப் புல்லிகள் ஆகியவையே எங்களுக்குப் பெரும்பாலும் வரும் வேலைகள். அவற்றில் பெரியவை எல்லாம் ஒரே ஒரு லேத்தை நம்பி இருக்கின்றன. 10 அடி பெட்டும் 20 அங்குல ஸ்விங்கும் (சுழலக்கூடிய பொருளின் அதிகபட்ச விட்டம்) உடைய, ஹெட்ஸ்டாக் (ஜாபை, அதாவது கடையும் பொருளை, சுழற்றும் ஸ்பிண்டிலும் அதன் கியர்களும் உள்ள தலைப்பெட்டி) முழுக்கக் கியரால் ஓடும் ஆங்கிலேய லேத் அது. எங்கள் கைக்கு வருவதற்கு முன்பே பெயர்ப்பலகை கழன்றுபோயிருந்ததால், செய்தவர் யார் என்பதும் தெரியாது, கையேடும் கிடையாது.

ஓராண்டாகக் குறைந்த வேகங்களில் ஹெட்ஸ்டாக் உறுமுகிறது. 3 மி.மீ. ஆழத்திற்கு வெட்டினால், ஜாபின் மேல் நீளவாக்கில் மெல்லிய வரிகள் விழுகின்றன. கனமான வெட்டின்போது வேக லிவர் தானாகவே நழுவி வெளியே வந்துவிடுவதால், பையன் ஒருவன் அதைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. இது எனக்குச் சிறிதும் மனத்திற்கு ஒப்பவில்லை.

தண்ணீர்த் திருவிழா விடுமுறையில் மூடியைத் திறந்து பார்த்தேன். எண்ணெய் சாம்பல் நிறமாகவும், விரலில் தேய்த்தால் மினுக்கும் துகள்களோடும் இருந்தது. இடைச் சாஃப்டில் இரண்டு சாவிகளின் (சாஃப்டில் பதித்த நீளக் கட்டைகளின்) மேல் நழுவும் 22 பல் கியரின் பற்கள் எல்லாம் நுழையும் பக்கத்தில் மழுங்கியிருக்கின்றன. அவற்றுள் அடுத்தடுத்த மூன்று பற்களின் மூலைகள் ஒடிந்தே போய்விட்டன. பல்லின் முகத்தில், உயரத்தின் நடுவில், நகத்திற்குத் தட்டுப்படும் ஒரு மேடு நீளவாக்கில் ஓடுகிறது. அதோடு கடிக்கும் ஸ்பிண்டிலின் 54 பல் கியர் பளபளப்பாகத்தான் இருக்கிறது. அம்மைத் தழும்பு போன்ற சிறு குழிகள் மட்டும் ஆங்காங்கே தெரிகின்றன. இடைச் சாஃப்டைக் கையால் தூக்கினால், டயல் கேஜில் 0.3 மி.மீ. ஆட்டம் காட்டுகிறது.

அருகிலுள்ள ஊரில் கியர் வெட்டும் ஒருவர், மாட்யூல் 3 கட்டரால் (மாட்யூல் என்பது பல்லின் அளவை மி.மீ. கணக்கில் சொல்வது) 22 பல் வெட்டிப் போட்டால் ஓடிவிடும், இரும்பு எதுவானாலும் போதும் என்கிறார். 22 பல் கியரை மட்டும் மாற்றினால் போதுமா, 54-ஐயும் மாற்ற வேண்டுமா, எந்த இரும்பில் செய்வது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் 1: இன்சின் பழைய பிட்டர்

தம்பி, மாட்யூல் 3 கட்டரை அந்த இயந்திரத்தின் பக்கமே கொண்டுபோக வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் கியரை ஒரு சாக்கில் சுற்றி ஓரமாக வைத்துவிட்டு, சாஃப்டையும் அதைத் தாங்கும் புஷ்ஷையும் பாருங்கள். 0.3 மி.மீ. ஆட்டம் உள்ள புஷ்ஷில் எவ்வளவு நல்ல கியரைப் போட்டாலும், ஆறு மாதத்தில் அது இப்போதுள்ள கியரைப் போலவே ஆகிவிடும். ரயில்வே பட்டறையில் முப்பது ஆண்டுகள் பிட்டராக இருந்த காலத்தில், புதுக் கியரைப் போட்டு அதே இயந்திரத்தை மூன்றாம் முறை திறந்த இடங்களை எல்லாம் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் சாஃப்டுதான் விலகியிருந்தது.

கணக்கைப் பாருங்கள். 20 பாகைக் கோணமுள்ள (பற்கள் ஒன்றையொன்று தள்ளும் அழுத்தக் கோணம்) பற்களில், இரண்டு சாஃப்டுகளின் மையங்கள் 0.3 மி.மீ. விலகினால் பற்களுக்கிடையே உள்ள ஆட்டம் ஏறக்குறைய 0.22 மி.மீ. கூடும். இந்த அளவுப் பல்லுக்கு 0.1 முதல் 0.15 மி.மீ. வரை ஆட்டம் இருப்பதுதான் முறை; விலகலால் மட்டுமே அதைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை சேர்ந்துவிடுகிறது. அதைவிடக் கெட்டது, இரண்டு புஷ்களும் ஒரே அளவில் தேய்வதில்லை என்பதுதான். ஒரு முனை அதிகமாகத் தேய்ந்தால் சாஃப்ட் சாய்ந்துவிடும். பல்லின் முழு அகலமும் கடிக்காமல் ஓர் ஓரம் மட்டும் சுமையைத் தாங்கும். லிவர் தானாக நழுவுவதற்கும் அதுவே பெரிய காரணம். ஆப்பு வடிவில் தேய்ந்த பற்கள், சுமை ஏறும்போது ஒன்றையொன்று பக்கவாட்டில் தள்ளுகின்றன. லிவரின் உள்ளே உள்ள குண்டும் ஸ்பிரிங்கும், கியரை நகர்த்தும் கவையும் தேய்ந்திருந்தால் அவையும் சேர்ந்துகொள்ளும். ஆனால் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டுத் திருப்தி அடைந்துவிடாதீர்கள்.

இனி, புஷ்ஷை எடுத்த பிறகு வார்ப்பின் துளையை அளந்து பாருங்கள். துளையே நீள்வட்டமாகியிருந்தால் புது புஷ் அடித்துப் பயனில்லை. போரிங் போட்டு, வெளி விட்டம் கூட்டிய புஷ்தான் போட வேண்டும். மைய தூரத்தை அளப்பதற்கு, ஸ்பிண்டில் இருக்கும் துளைக்கும் இடைச் சாஃப்டின் துளைக்கும் பொருத்தமாக இரண்டு மேண்ட்ரல்களைக் கடைந்து, துளைகளில் தள்ளி, வெளிப்பக்கமாக மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, இரண்டின் விட்டங்களிலும் பாதிப்பாதியைக் கழியுங்கள். இரு பக்கச் சுவர்களிலும் தனித்தனியே அளக்க வேண்டும். இரண்டு அளவுகளும் ஒத்துப்போகாவிட்டால் சாஃப்டுகள் இணையாக இல்லை என்று பொருள்.

அடுத்தது பல்லின் அளவு. அந்தக் காலத்து ஆங்கிலேய லேத்களில் பல்லை மாட்யூலில் வெட்டமாட்டார்கள். டயமெட்ரல் பிட்சில், நாம் டிபி என்று சொல்வதில், வெட்டுவார்கள். பல்லின் எண்ணிக்கையோடு 2-ஐக் கூட்டி, கியரின் வெளி விட்டத்தை அங்குலத்தில் அளந்து, அந்த விட்டத்தால் வகுத்தால் டிபி கிடைக்கும். ஆனால் முனைகள் தேய்ந்த கியரில் வெளி விட்டத்தை மட்டும் நம்ப முடியாது. 20 பாகைக் கோணமா, 14½ பாகைக் கோணமா என்பதையும் அது சொல்லாது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய இயந்திரங்களில் 14½ பாகை ஏராளம்.

அதற்கு ஒரு வழி உண்டு. வெர்னியரின் தாடைகளுக்கு நடுவே இரண்டு பற்களை அணைத்து அளந்துகொள்ளுங்கள். பிறகு மூன்று பற்களை அணைத்து அளந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அடிப்படைப் பிட்ச். 8 டிபியில் 20 பாகையானால் அது 9.37 மி.மீ. வரும், 14½ பாகையானால் 9.66 மி.மீ. வரும், மாட்யூல் 3, 20 பாகையானால் 8.86 மி.மீ. வரும். இந்த முறையின் அருமை என்னவென்றால், பற்கள் சமமாகத் தேய்ந்திருந்தால் இரண்டு அளவுகளிலும் தேய்மானம் ஒரே அளவில் குறைந்து, கழிக்கும்போது ஒன்றையொன்று அழித்துவிடும். ஆனால் உங்கள் கியரில் நடுவில் மேடு இருக்கிறது என்கிறீர்கள். ஆகையால் தேய்ந்த இடத்தில் அளக்க வேண்டாம். நழுவும் கியரில், எதிர்ப்பல் எட்டாத ஒரு மெல்லிய பட்டை பெரும்பாலும் ஓரத்தில் தேயாமல் இருக்கும். வெர்னியரை அங்கே வையுங்கள். பிறகு அதே மூன்று பற்களைத் தேய்ந்த இடத்திலும் அளந்தால், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது கையில் வந்துவிடும். 54 பல் கியரை ஏழு பற்களை அணைத்து அளக்க வேண்டும்.

அந்த மேட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பற்கள் கடிக்கும்போது பிட்ச் வட்டத்தில், அதாவது பல் உயரத்தின் நடுவில் ஓடும் கற்பனை வட்டத்தில், அவை ஒன்றன்மேல் ஒன்று உருளுகின்றன. அதற்கு மேலும் கீழும் உரசி வழுக்குகின்றன. எண்ணெயில் தூசியும் இரும்புப் பொடியும் இருந்தால், வழுக்கும் இடங்கள் மட்டும் அரைபட்டுத் தாழ்ந்து, உருளும் கோடு மேடாக நின்றுவிடும். எனவே அந்த மேட்டிற்குக் காரணம் எண்ணெய். குழிகளுக்குக் காரணம் நீண்ட காலச் சுமை. நுழையும் பக்கம் மழுங்கியதற்குக் காரணம் ஓடும்போதே லிவரை மாற்றியது. ஒடிந்த மூன்று பற்களின் கதை மட்டும் வேறு. அடுத்தடுத்து மூன்று என்பதால், அது ஒரே அடியில் நடந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஜாபின் மேல் விழும் வரிகளையும் எண்ணிப் பாருங்கள். வெட்டிய ஜாபின் மேல் ஒரு காகிதத்தைச் சுற்றி, பென்சிலால் சாய்வாகத் தேய்த்தால் வரிகள் காகிதத்தில் ஏறும். விரித்து, ஒரு சுற்றுக்கு எத்தனை என்று எண்ணுங்கள். சரியாக 54 வந்தால் குற்றம் கடைசிக் கடியில், அதாவது ஸ்பிண்டில் கியர் கடிக்கும் இடத்தில், இருக்கிறது. வேறு எண் வந்தால் இன்னும் பின்னால் போய்த் தேட வேண்டும்.

பதில் 2: ரங்கூன் வெப்பப் பதனிடும் பட்டறை

ஐயா சொன்னவற்றுள் பெரும்பாலானவற்றை நான் ஏற்கிறேன். இரும்பைப் பற்றி அவர் எழுதவில்லை. எங்கள் வீட்டுத் தொழில் அது என்பதால் நான் எழுதுகிறேன்.

தம்பி, 54 பல் கியரை மாற்றுவதா வேண்டாமா என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். ஒரு புதிய மெல்லிய அரத்தை எடுத்து, பல்லின் கடிக்காத ஓரத்திலும் தேய்ந்த முகத்திலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கண்ணாடி மேல் இழுத்தது போல வழுக்கினால் மேல்தோல் இன்னும் கடினமாக இருக்கிறது. அரம் கடித்துப் பொடி எடுத்தால், அந்த இடத்தில் கடினத் தோல் தேய்ந்து உள்ளிருக்கும் மென்மையான இரும்பு வெளியே வந்துவிட்டது. பிறகு தேய்மானம் மிக வேகமாக நடக்கும். இந்த அளவுப் பல்லில் கடினத் தோல் பொதுவாக 0.5 முதல் 0.8 மி.மீ. வரை இருக்கும், ஆகவே தேய்மானம் 0.1 மி.மீ.க்குள் என்றால் பயமில்லை.

ஒடிந்த பற்கள் இருப்பதால், வெடிப்புச் சோதனையையும் தவறாமல் செய்யுங்கள். கியரை நன்றாகக் கழுவி, மண்ணெண்ணெயில் ஓர் இரவு போட்டு வையுங்கள். மறுநாள் எடுத்து உலரத் துடைத்துவிட்டு, சுண்ணாம்புப் பொடியை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசிக் காயவிடுங்கள். பல்லின் வேரில் வெடிப்பு இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பூச்சில் முடி போன்ற கறுத்த கோடாகத் தெரியும். 54 பல் கியரை ஸ்பிண்டிலில் இருந்து கழற்ற முடியாவிட்டால், மண்ணெண்ணெயில் நனைத்த துணியைப் பற்களில் சுற்றி வைத்தும் இதைச் செய்யலாம்.

22 பல் கியருக்கு "இரும்பு எதுவானாலும் போதும்" என்று சொன்னது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஸ்பிண்டில் கியர் ஒரு முறை சுற்றும்போது சிறிய கியர் ஏறக்குறைய இரண்டரை முறை சுற்றுகிறது. அதன் ஒவ்வொரு பல்லும் அத்தனை மடங்கு அதிகமாகக் கடிபடுகிறது. ஆகவே ஜோடியில் சிறிய கியர் பெரியதைவிடக் கடினமாக இருக்க வேண்டுமே தவிர மென்மையாக இருக்கக் கூடாது. பலர் ஈஎன் 24 என்ற, முழுவதும் ஒரே கடினமாகப் பதப்படுத்தும் இரும்பைப் பதப்படுத்திய நிலையிலேயே வாங்கி, வெட்டி, அப்படியே மாட்டிவிடுகிறார்கள். எதிர்க் கியரும் அதே வகை என்றால் அது நல்ல வழிதான். வெட்டிய பின் சூடு காட்டாததால் கோணல் வராது. ஆனால் கடினத் தோலுள்ள பழைய கியரோடு அதைக் கடிக்கவிட்டால், அந்தக் கியரின் மேடும் பள்ளமும் புதியதில் அச்சாக இறங்கிவிடும்.

என் யோசனை: மேல்தோலை மட்டும் கடினமாக்கும் இரும்பான ஈஎன் 36 கிடைத்தால் அதில் வெட்டுங்கள். துளையில் 0.3 மி.மீ. மிச்சம் விட்டு, துளையையும் சாவிப் பள்ளங்களையும் களிமண்ணால் அடைத்து, மரக்கரிக் கலவையோடு பெட்டியில் மூடி, 900 முதல் 930 டிகிரிக்குள் வைத்தால் துளை மென்மையாகவே நிற்கும். பிறகு கடைந்து அளவுக்குக் கொண்டு வரலாம். பெட்டியிலேயே ஆறவிட்டு, மறுபடி சுமார் 780 டிகிரிக்குச் சூடாக்கி எண்ணெயில் முக்கி, 150 முதல் 180 டிகிரியில் டெம்பர் செய்ய வேண்டும். நேராக நிமிர்த்திப் பிடித்து முக்குங்கள். சாய்த்து முக்கினால் கோணல் நிச்சயம்.

சாவிப் பள்ளத்தின் உள்மூலைகளைக் கூராக விடாமல் சிறிது உருட்டிவிடுங்கள். முக்கும்போது வெடிப்பு தொடங்குவது அந்த மூலையில்தான். பள்ளம் பல்லிடைக்குக் கீழே வராமல் ஒரு பல்லுக்கு நேர் கீழே வருமாறு குறித்துக்கொள்ளுங்கள். 22 இரட்டைப்படை எண் என்பதால், எதிரெதிரான இரண்டு பள்ளங்களும் பல்லுக்குக் கீழேயே அமையும்.

இங்கே இரும்புச் சந்தையில் பழைய லாரி ஆக்சிலை வாங்கி கியர் செய்வது வழக்கமாகிவிட்டது. அது என்ன இரும்பு என்பது யாருக்கும் தெரியாது. ஏற்கெனவே லட்சக்கணக்கான முறை முறுக்குப்பட்டது. உள்ளே வெடிப்பு இருக்கக்கூடும். ஸ்பிண்டிலுக்குப் போகும் கியருக்கு அதை வைக்காதீர்கள்.

மோல்மேன் கடைசல் பட்டறை

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. சொன்னபடியே அளந்தேன், அளவுகளைக் கீழே எழுதுகிறேன்.

22 பல் கியரின் வெளி விட்டம் 76.1 மி.மீ. அதன் இடது ஓரத்தில் 4 மி.மீ. அகலத்திற்குத் தேயாத பட்டை ஒன்று இருந்தது. அங்கே இரண்டு பற்கள் 14.95, மூன்று பற்கள் 24.32, வித்தியாசம் 9.37. ஆகவே 8 டிபி, 20 பாகை என்று எடுத்துக்கொள்கிறேன். தேய்ந்த இடத்தில் மூன்று பற்கள் 24.06 காட்டுகிறது. 54 பல் கியர் ஏழு பற்களுக்கு, தேய்ந்த இடத்தில் 63.17. அரம் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. சுண்ணாம்புச் சோதனையில் கோடு எதுவும் தெரியவில்லை. 22 பல் கியரில், ஒடிந்த பற்களுக்கு அடுத்த பல்லின் வேரில் ஒரு கோடு தெளிவாக வந்தது. அதைப் பார்த்தபோது, சென்ற வாரம்கூட அந்தக் கியரில் ஒரு படகுச் சாஃப்டைக் கடைந்ததை நினைத்து உடம்பு நடுங்கிவிட்டது.

காகிதத்தில் வரிகளை எண்ணினேன். மூன்று முறை எண்ணி மூன்று முறையும் 54.

மைய தூரம் முன்சுவரில் 120.66, பின்சுவரில் 120.67. துளைகள் வட்டமாகவே இருக்கின்றன. புஷ்கள் மட்டும்தான் ஒரு பக்கமாகத் தேய்ந்துள்ளன. முன் புஷ் 0.31, பின் புஷ் 0.12.

பதில் 3: பீகு மோட்டார் பட்டறை

அண்ணனுக்கு வணக்கம். நான் கடைசல்காரன் அல்லன்; மோட்டார் சுற்றுபவன். ஒடிந்த மூன்று பற்களைப் பற்றி மட்டும் சொல்ல வந்தேன்.

நம் ஊரில் வெட்டு நடந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போவது அன்றாடம் நடப்பது. டூல் ஜாபுக்குள் புதைந்த நிலையில் ஸ்பிண்டில் நின்றுவிடும். ஸ்டார்ட்டரில், கரண்ட் போனால் தானாகவே விடுபடும் காயில் இல்லாமலோ, அதைக் கட்டிவைத்தோ இருந்தால், கரண்ட் திரும்பியதும் மோட்டார் முழு வேகத்தில் இழுக்கும். ஜாப் நகராது, இடையில் உள்ள பல்தான் ஒடியும். உங்கள் ஸ்டார்ட்டரைத் திறந்து, அந்த காயில் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பல பட்டறைகளில் அதை யாரோ ஒருவர் கம்பியால் கட்டிவைத்திருப்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. ஜெனரேட்டருக்கு மாற்றும்போது மூன்று பேஸ்களில் இரண்டு இடம் மாறியிருந்தால், மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். பழைய லேத்களில் சக் மரையில் திருகி ஏறியிருக்கும். எதிர்ப்பக்கம் சுற்றினால் அது கழன்று விழும். பல்லைவிடப் பெரிய ஆபத்து இது. பேஸ் வரிசையைப் பார்க்கும் ரிலே ஒன்றைப் போட்டுவிடுங்கள். விலை அதிகம் இல்லை.

இன்சின் பழைய பிட்டர்

பீகு தம்பி சொன்னதை நான் யோசிக்கவே இல்லை. மூன்று பற்களுக்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும். மோல்மேன் தம்பி, அதை முதலில் சரிசெய்யுங்கள்.

உங்கள் அளவுகள் மிக நன்றாக வந்திருக்கின்றன. 22-ம் 54-ம் சேர்ந்து 76. அதை 16 ஆல் (டிபி 8-இன் இரு மடங்கு) வகுத்தால் 4.75 அங்குலம், அதாவது 120.65 மி.மீ. உங்கள் துளைகள் அதோடு ஒத்துப்போகின்றன. 8 டிபி, 20 பாகையில், ஆட்டமே இல்லாத கியர் மூன்று பற்களுக்கு 24.41 இருக்க வேண்டும். ஆட்டத்திற்காக முதலில் வெட்டும்போதே 0.09 குறைத்திருக்கிறார்கள். அதன் பிறகு தேய்ந்தது 0.26. பெரிய கியருக்குக் கணக்குப்படி 63.33, அதே 0.09 கழித்தால் தேய்மானம் 0.07 மட்டுமே. அரமும் வழுக்குகிறது என்கிறீர்கள். அதை விட்டுவையுங்கள். ரங்கூன் தங்கை சொன்ன அச்சு இறங்கும் ஆபத்து உண்மைதான். ஆகவே நல்ல எண்ணெய்க் கல்லை எடுத்து, 54 பற்களின் முகத்திலும் மேடு இருந்தால் அதையும் குழிகளின் கூர் விளிம்புகளையும் மட்டும் பொறுமையாகத் தேய்த்துவிடுங்கள். பல்லின் வடிவத்தை மாற்ற முயலாதீர்கள். இரண்டு நாள் ஆகும், ஆகட்டும்.

மாட்யூல் 3-ஐப் பற்றிச் சொல்வதாக எழுதியிருந்தேன். 8 டிபி என்பது மாட்யூல் 3.175. ஒரு பல்லுக்கு அரை மி.மீ. பிட்ச் வித்தியாசம், கடிக்கவே கடிக்காது, அடித்து உள்ளே ஏற்றினால் பெரிய கியரையும் கெடுத்துவிடும். இரண்டு கியர்களையும் மாட்யூல் 3-இல் புதிதாகச் செய்தால், 23-ம் 57-ம் போட்டு 120 மி.மீ. வரும், மீதி 0.65 மி.மீ.க்கு ஹாப் இயந்திரத்தில் பல்லை வெளியே தள்ளி வெட்ட வேண்டும். வேகம் சற்று மாறினாலும் ஹெட்ஸ்டாக்கில் பாதகமில்லை என்பதால் அப்படிச் செய்பவர்களும் உண்டு. மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் லீட் ஸ்குரூவுக்குப் போகும் வரிசையில் மட்டும் ஒரு பல்லைக்கூட மாற்றக் கூடாது. மரையின் பிட்ச் தவறிவிடும். உங்களுக்கு இந்தச் சுற்றுவழி எதுவும் தேவையில்லை.

8 டிபி, 20 பாகை கட்டரில் 5-ஆம் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 21 முதல் 25 பல் வரை அதுதான். மாட்யூல் கட்டர்களில் எண் வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கும் என்பதால், கடைக்காரர் குழம்பினால் கட்டரின் பக்கத்தில் பொறித்திருக்கும் பல் எண்ணிக்கையைப் பாருங்கள். வெட்டு ஆழமும் அங்கேயே இருக்கும். பிளாங்க் (பல் வெட்டாத வட்டு) விட்டம் 76.2 மி.மீ. வட்டைச் சம பாகமாகத் திருப்பும் 40-க்கு 1 டிவைடிங் ஹெட்டில், ஒரு பல்லுக்கு ஒரு முழுச் சுற்றும், 33 துளை வட்டத்தில் 27 இடைவெளிகளும். முழு ஆழத்திற்கு ஒரே மூச்சில் போகாமல், கடைசி 0.3 மி.மீ.யை மீதி வைத்து, மூன்று பற்களை அளந்து, 24.32 வரும் வரை இறங்குங்கள். பற்களின் நுழையும் முனைகளை வட்டமாக உருட்டுவதற்கு மறக்க வேண்டாம். அதைச் செய்யாத கியர் லிவர் போடும்போது முட்டும்.

புஷ்ஷுக்குப் பாஸ்பர் பிரான்ஸ். உள்ளே அடித்த பிறகு துளை சுருங்கும் என்பதால், உள் விட்டத்தில் மிச்சம் விட்டு அடித்து, இரண்டு புஷ்களையும் ஒரே அமைப்பில் ஒரே கோட்டில் போரிங் போடுங்கள். 40 மி.மீ. சாஃப்டுக்கு 0.04 மி.மீ. இடைவெளி போதும். எண்ணெய்த் துளை நேராக வருகிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள். எண்ணெய்க் காடியைச் சுமை தாங்கும் பக்கத்தில் வெட்டாதீர்கள்.

மோல்மேன் கடைசல் பட்டறை

வேலை முடிந்தது, மழைக்காலம் தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் இரவிலும் உட்கார்ந்தோம். ஸ்டார்ட்டரில் அந்த காயில் மரத்துண்டு ஒன்றால் அடைக்கப்பட்டிருந்தது. எவ்வளவு காலமாக அப்படி இருந்தது என்பது எனக்குத் தெரியவில்லை. என் பட்டறையில் இருந்ததை நான் பார்க்காமல் விட்டது தவறு. புது காயிலும் பேஸ் ரிலேயும் போட்டுவிட்டேன். ஈஎன் 36 ரங்கூனில் இருந்து வந்தது. அக்காவின் பட்டறையிலேயே பதனிட்டோம். துளை 0.08 மி.மீ. சுருங்கி வந்தது; விட்டிருந்த மிச்சத்தில் சரியாகிவிட்டது.

பற்கள் படும் இடம் தெரிவதற்காக நீலம் பூசிக் கையால் சுற்றிப் பார்த்ததில், பல் அகலத்தின் முக்கால் பங்கில் நீலம் பதிகிறது. பின்முனையில் சற்றுக் குறைவு. இதை இப்படியே விடலாமா? வழக்கமாக லாரி கியர் எண்ணெய்தான் ஊற்றுவோம். அதையே ஊற்றலாமா என்பதையும் சொல்லுங்கள்.

இன்சின் பழைய பிட்டர்

முக்கால் பங்கு போதும் தம்பி, விட்டுவிடுங்கள். பல்லின் நடுவில் பதிந்து ஓரத்தில் குறைவது நல்லதுதான். ஓரத்தில் மட்டும் பதிந்திருந்தால்தான் கவலை. அரைக்கும் பசை போட்டு இரண்டையும் ஓடவிடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பசையின் மணல் பிரான்ஸ் புஷ்ஷில் புதைந்து, சாஃப்டை நாளெல்லாம் அரைத்துக்கொண்டே இருக்கும்.

லாரியின் டிஃபரன்ஷியலுக்கு ஊற்றும் எண்ணெய் வேண்டாம். அதில் சேர்க்கும் கந்தகச் சேர்மங்கள் பிரான்ஸை அரிக்கக்கூடும். ஐஎஸ்ஓ 68 எண்ணெய் ஊற்றுங்கள். முதல் எட்டு மணி நேரம் வெட்டு இல்லாமல், குறைந்த வேகத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி ஓட்டிவிட்டு, எண்ணெயை முழுதும் வடித்து, அடியில் ஒரு காந்தத்தைக் கட்டிவைத்துப் புது எண்ணெய் ஊற்றுங்கள். மழைக்காலத்தில் எண்ணெய் பால் போல வெளுத்தால் உள்ளே நீர் சேர்கிறது என்று பொருள்; உடனே மாற்றிவிடுங்கள். பிறகு 3 மி.மீ. வெட்டில் ஒரு ஜாபை ஓட்டி, காகிதத்தைச் சுற்றி மறுபடி எண்ணி எழுதுங்கள்.

மோல்மேன் கடைசல் பட்டறை

இன்று ஒரு ரப்பர் ரோலரை 3 மி.மீ. ஆழத்தில் முழு நீளமும் வெட்டினோம். லிவர் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பையன் டெயில்ஸ்டாக் பக்கம் நின்று வேலையைப் பார்த்தான். காகிதத்தைச் சுற்றித் தேய்த்தேன். ஃபீடின் மரைக்கோடு மட்டும்தான் ஏறியது. நீளவாக்கில் எண்ணுவதற்கு ஒரு வரியும் இல்லை. காந்தத்தில் முதல் எட்டு மணி நேரத்திற்குப் பிறகு நகக்கண் அளவுக்குக் கறுத்த பொடி இருந்தது. மினுக்கும் துகள் எதுவும் இல்லை.